முதலும் முதல்வரும் முதலாளியும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் காரைக்குடியில் ஒரு நிதி நிறுவனத்தில் எழுத்தராக இருக்கிறேன்; தமிழ் வழியில் படித்தவள். ஒலியிலோ பொருளிலோ நெருங்கிய ஆங்கிலச் சொற்களை இரண்டிரண்டாக நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தும், எழுதும்போது குழம்பிவிடுகிறேன். சென்ற வாரம் வாடிக்கையாளர் ஒருவருக்கு அனுப்பிய கடிதத்தில் ‘லெண்ட்’ வரவேண்டிய இடத்தில் ‘பாரோ’ என்று எழுதியதோடு, அசலைக் குறிக்கும் ‘பிரின்சிபல்’ என்ற சொல்லின் எழுத்துகளையும் மாற்றிவிட்டேன். இதற்கு வழி உண்டா?

வாசகி, காரைக்குடி

அன்புள்ள வாசகிக்கு,

அந்த நோட்டைச் சில மாதங்களுக்கு மூடி வையுங்கள். பொருளால் நெருங்கிய புதுச் சொற்களை ஒரே தொகுதியாகப் படிப்பவர்கள், தொடர்பில்லாத சொற்களைப் படிப்பவர்களைவிட மெதுவாகவே கற்கிறார்கள் என்று 1993இல் தாமஸ் டிங்கம் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இரட்டையரை ஒரே நாளில் அறிமுகம் செய்துகொண்டால் யார் எவர் என்று தடுமாறுவோம் அல்லவா? ஒரு சொல் கையில் படிந்த பிறகே அதன் இணைக்குப் போங்கள்.

கடன் என்ற ஒரே சொல்லோடு ‘கொடு’, ‘வாங்கு’ என்று சேர்த்து நாம் இரு திசைகளையும் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் திசைக்கொரு வினை இருக்கிறது. அந்தத் திசையை நம் வேற்றுமை உருபே காட்டிக்கொடுக்கும். ‘அவருக்குக் கடன் கொடுத்தோம்’ என்று ‘கு’ வந்தால் லெண்ட். அதனோடு ‘டு’ சேரும். ‘அவரிடம் கடன் வாங்கினோம்’ என்று ‘இடம்’ வந்தால் பாரோ. அதனோடு ‘ஃப்ரம்’ சேரும். பாரோ என்பது பிணை, ஈடு என்று பொருள்பட்ட பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்தது. உங்கள் அலுவலகத்தில் நகையை ஈடு வைப்பவர் யாரோ, அவருக்குரிய வினை அது.

‘பிரின்சிபல்’ பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசைப்படுகிறேன். எங்கள் ஐயாவின் பேரேடு ஒன்று வீட்டுப் பெட்டகத்தில் இன்னும் இருக்கிறது. ‘சிவமயம்’ என்று தொடங்கும் அதன் பக்கங்களில், இன்று நாம் அசல் என்பதை ‘முதல்’ என்றே எழுதி, வட்டியை அதன் கீழே தனி வரியாகக் காட்டியிருப்பார்கள். அந்த ‘முதல்’தான் உங்களுக்கு வழிகாட்டி. கடனின் முதல், கல்லூரியின் முதல்வர், பர்மாவில் மேலாளை அமர்த்திக் கடை நடத்தச் செய்துவிட்டு ஊரில் இருந்த முதலாளி ஆகிய மூன்றையும் ஆங்கிலம் ‘பி-ஏ-எல்’ என்று முடியும் ஒரே சொல்லால் குறிக்கிறது; முகவரை அமர்த்துபவரை ஆங்கிலேயச் சட்டமும் அப்படித்தான் அழைக்கிறது. கொள்கை, நெறி என்ற பொருளில் வருவது மட்டும் ‘பி-எல்-ஈ’ என்று முடியும். இரண்டுமே முதன்மையைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தவை. எங்கோ இருக்கும் லத்தீனிலும் நம் பேரேட்டிலும் ‘முதல்’ இவ்வளவு ஒத்துக் கிளைத்திருப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது.

எல்லா இணைகளுக்கும் தமிழ் இப்படிக் கைகொடுக்காது. எழுதுபொருளைக் குறிக்கும் ஸ்டேஷனரிக்கு ‘ஈ-ஆர்-ஒய்’, அசையாமல் நிற்பதைக் குறிப்பதற்கு ‘ஏ-ஆர்-ஒய்’ என்பதையெல்லாம் எழுதி எழுதித்தான் பழக வேண்டும்.

நீங்கள் அனுப்பிய கடிதத்தை அப்படியே விட்டுவிடாதீர்கள். கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் அதில் இடம் மாறியிருக்கிறார்கள். மேலதிகாரியிடம் சொல்லி, திருத்திய கடிதத்தை வாடிக்கையாளருக்கு அனுப்பி, அதன் நகலொன்றைக் கோப்பிலும் வைத்துவிடுங்கள்.