பண்ணை நிலத்தில் சுட அனுமதி கேட்பது எப்படி? கேள்வி பதில்

இங்கிலாந்தில் பதினான்கு வருடமாக, ஓய்வு நாள்களில் விவசாயிகளின் நிலத்தில் முயலையும் மரப்புறாவையும் சாம்பல் அணிலையும் கட்டுப்படுத்தும் வேலை செய்து வருகிறேன். நம்மவர்களில் இதில் இறங்கும் பலரும் முதலில் தடுக்கி விழுவது குறி பார்ப்பதில் இல்லை, அனுமதி வாங்குவதில்தான். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் சொல்லும் சட்டமெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியது. இந்தியாவில் இருப்பவர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம். அங்கே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நிலத்துக்காரர் சரி என்று சொல்வதால் மட்டும் எந்தக் காட்டு விலங்கையும் சுட முடியாது.

கேள்வி: அண்ணா, ஏர்கன் (காற்றழுத்தத் துப்பாக்கி) வாங்கி ஆறு மாதம் ஆகிறது. கிளப்பில் குறி வைத்த அட்டையைத்தான் சுடுகிறேன். எனக்கு ஒரு விவசாயியைக்கூடத் தெரியாது. எங்கே தொடங்குவது?

பெரிய எஸ்டேட்டில் தொடங்காதீர்கள் தம்பி. அங்கே ஏற்கெனவே கேம்கீப்பர், அதாவது வேட்டைக்கான பறவை விலங்குகளைப் பார்த்துக்கொள்ளும் ஆள், இருப்பார், அவருக்கு நாலு ஆள் இருப்பார்கள். சின்ன இடங்களைப் பாருங்கள். குதிரை லாயம் வைத்திருப்பவர்கள், காய்கறித் தோட்டம் போடுபவர்கள், பத்து ஏக்கரில் ஆடு வளர்ப்பவர்கள். குதிரை வைத்திருப்பவருக்கு முயல் வளை என்றாலே பயம். குழியில் கால் போனால் குதிரையின் கால் முறியும். அவர் வீட்டுக் கதவைத் தட்டினால் நீங்கள் வந்த காரணம் அவருக்கு உடனே புரியும்.

போகும் முன் பொதுப்பாதையில் ஒரு நடை நடந்து நிலத்தைக் கவனியுங்கள். உயிர்வேலி ஓரத்தில் இளம் பயிர் அரைவட்டமாக, கத்தரித்ததுபோலக் குட்டையாக இருக்கிறதா? அது முயல். வேலியிலிருந்து தள்ளிப் போகப் போகப் பயிர் உயரம் கூடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இளம் மரங்களில் பட்டை உரிந்து வெள்ளையாகத் தெரிந்தால் சாம்பல் அணில். அது கோடையின் தொடக்கத்தில்தான் அதிகம். ஒன்று சொல்ல வேண்டும்: முயலுக்கு வரும் ரத்தக்கசிவு நோயால் பல ஊர்களில் இப்போது முயலே அருகிவிட்டது. அதனால் எல்லாரிடமும் "முயல் தொல்லையா?" என்று கேட்காமல், கண்ணில் பட்டதைச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: கடிதம் போடுவதா, நேரில் போவதா? போனால் என்ன பேசுவது?

நேரில்தான். கடிதத்துக்குப் பதில் எழுத விவசாயிக்கு நேரம் கிடையாது.

நேரம் பார்த்துப் போங்கள். மார்ச், ஏப்ரலில் ஆடு குட்டி போடும் வீட்டில் யாரும் தூங்கியே இருக்க மாட்டார்கள். ஆகஸ்டில் வெயில் அடிக்கும் நாளென்றால் அறுவடை. அந்த நாள்களில் கதவைத் தட்டுவது அவருடைய கூலியைத் தட்டிப் பறிப்பது மாதிரி. மழை பெய்யும் மதியம் நல்லது. காரை கேட்டை மறைத்து நிறுத்தாதீர்கள். வேட்டை உடை வேண்டாம், சாதாரண உடையும் சுத்தமான பூட்ஸும் போதும். துப்பாக்கி வீட்டிலேயே இருக்கட்டும். நிலத்துக்காரரின் அனுமதி இன்னும் கிடைக்காத இடத்துக்கு அதைக் கொண்டுபோக உங்களுக்கு உரிமை இல்லை.

பேச்சு இரண்டு நிமிடத்துக்குள் இருக்கட்டும். பெயர், எந்த ஊரில் குடியிருக்கிறீர்கள், எத்தனை காலமாகப் பயிற்சி, காப்பீடு உண்டு என்பது. அப்புறம், "கிழக்குப் பக்க வேலியோரம் பயிர் போயிருப்பதைப் பார்த்தேன். நான் உதவியாக இருக்க முடியுமா?" இதில் "சுட" என்ற சொல்லே வரவில்லை, கவனித்தீர்களா? நீங்கள் ஒரு பொழுதுபோக்குக்கு இடம் கேட்டு வந்திருக்கிறீர்களா, அவருடைய பயிர் நஷ்டத்தைக் குறைக்க வந்திருக்கிறீர்களா என்பதுதான் அவர் மனதில் ஓடும் ஒரே கேள்வி. உங்களுக்குள் இருக்கும் பதில் என்னவோ அதுதான் பேச்சில் வெளிவரும். ஆகவே, முதலில் உங்களிடமே அதைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

வேண்டாம் என்றால் நன்றி சொல்லி, பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய ஒரு அட்டையைக் கொடுத்துவிட்டு வாருங்கள். எனக்கு முதல் "சரி" கிடைத்தது பத்தொன்பதாவது வீட்டில். வேண்டாம் என்ற பதினெட்டுப் பேரில் இருவர் அடுத்த வருடம் தாங்களே கூப்பிட்டார்கள்.

கேள்வி: நம்மைப் போன்றவர்கள் கிராமத்துப் பண்ணையில் போய் நின்றால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்களே? எனக்கு உண்மையிலேயே தயக்கமாக இருக்கிறது.

எனக்கும் இருந்தது. ஒரு வீட்டில் நான் வாயைத் திறக்கும் முன்பே கதவைச் சாத்தினார்கள். அது வலிக்கத்தான் செய்யும், வலிக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அனுபவத்தில் தெரிந்துகொண்டது, முன்பின் தெரியாத எவன் வந்தாலும் விவசாயி முதலில் சந்தேகப்படுவார் என்பது. டீசல் திருட்டு, குவாட் பைக் திருட்டு, இரவில் நாய்களை விட்டுப் பெருமுயலைத் துரத்தும் கும்பல் என்று அவர்கள் படும் பாடு கொஞ்சமில்லை. அந்தக் கும்பல்களும் பகலில் வந்து "முயல் இருக்கிறதா?" என்றுதான் கேட்கும்.

அதனால் அவர் கேட்கும் முன்பே நீங்கள் எல்லாவற்றையும் வெளியே வையுங்கள். ஓட்டுநர் உரிமம், கார் எண், கிளப் உறுப்பினர் அட்டை, உங்களைப் பற்றி விசாரிக்க ஒருவருடைய எண். "யோசித்துச் சொல்லுங்கள், அடுத்த வாரம் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு, சொன்ன நாளில் போய் நில்லுங்கள். இரண்டாவது தடவை வரும் ஆளை அவர்கள் வேறு விதமாகப் பார்க்கிறார்கள்.

கேள்வி: வாயால் சொன்னால் போதாதா? எழுதிக் கொடுங்கள் என்று கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டாரா?

வாய்மொழி அனுமதியும் அனுமதிதான். ஆனால் நாலு மாதம் கழித்து யாரோ போலீசைக் கூப்பிட்டு, நீங்கள் வயல் நடுவில் நிற்கும்போது உங்கள் பேச்சுக்கு யார் சாட்சி? 1968ஆம் ஆண்டின் ஃபயர்ஆர்ம்ஸ் சட்டப்படி, அனுமதியும் தக்க காரணமும் இல்லாமல் துப்பாக்கியோடு பிறர் நிலத்தில் நுழைவது குற்றம். ஏர்கன்னும் இதில் அடக்கம். உள்ளே பெல்லட் (ஏர்கன் குண்டு) போட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

கேட்கும் விதத்தில் கேட்டால் யாரும் கோபிப்பதில்லை. "உங்களுக்கும் எனக்கும் பாதுகாப்பு" என்று சொல்லுங்கள். என்னுடைய முதல் அனுமதி எழுதப்பட்டது ஒரு சமையலறை மேசையில். தீவன ரசீது ஒன்றைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் பென்சிலால் அந்தப் பெரியவர் தன் நிலத்தை வரைந்தார். ஓடைக்கு ஒரு வளைந்த கோடு, தோப்புக்கு ஒரு வட்டம். தெற்கு மூலையில் ஒரு வயலைக் கட்டை விரலால் மூடி, "இது என் தம்பியுடையது, இங்கே கால் வைக்காதே" என்றார். அந்தக் கட்டை விரல் மூடிய இடத்தைத் தெரிந்துகொள்ளத்தான் எழுத்து வேண்டும் என்கிறேன். எல்லை தெரியாமல் வாங்கிய அனுமதியை நம்பி இறங்க முடியாது. உங்கள் பெல்லட் எல்லை தாண்டி விழுந்தால் அதுவே தனிக் குற்றம்.

தாளில் இருக்க வேண்டியவை: இருவர் பெயரும் முகவரியும், நிலத்தின் எல்லை, எந்த உயிரினம், எந்தத் துப்பாக்கி, எந்த நாள்கள், எதுவரை, கையெழுத்து, தேதி. இரண்டு பிரதி. ஒன்று எப்போதும் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். பின்னால் ரைபிளுக்குச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்கும்போது, தக்க காரணம் காட்டவும் இதே தாள் உதவும்.

கேள்வி: நான் கேட்டவர் குத்தகைக்காரர். அவர் சரி என்றுவிட்டார். நிலம் வேறு ஒருவருடையது. போதுமா?

முயலுக்குப் போதும், மற்றவற்றுக்குக் கேட்டுத்தான் ஆக வேண்டும். 1880ஆம் ஆண்டின் கிரவுண்ட் கேம் சட்டம், நிலத்தில் பயிர் செய்பவருக்கு முயலையும் பெருமுயலையும் பிடிக்கும் உரிமையைக் கொடுக்கிறது. நில உரிமையாளர் ஒப்பந்தம் போட்டுக்கூட அதைப் பறிக்க முடியாது. ஆனால் அந்த உரிமையின் கீழ் துப்பாக்கி பயன்படுத்தக்கூடியவர் குத்தகைக்காரரும், அவர் எழுத்து மூலம் அனுமதித்த இன்னும் ஒருவரும் மட்டுமே. அந்த "ஒருவர்" இடத்தில் ஏற்கெனவே வேறு யாராவது இருக்கிறாரா என்று கேளுங்கள்.

வேட்டை உரிமையை நிலத்திலிருந்து தனியாகப் பிரித்து வேறு ஒருவருக்குக் கொடுத்திருப்பதும் இங்கே சகஜம். "வேட்டை உரிமை யாரிடம் இருக்கிறது?" என்று நேராகக் கேட்டால் நீங்கள் விஷயம் தெரிந்தவர் என்று அவருக்கும் புரியும்.

கேள்வி: காப்பீடு கட்டாயமா?

சட்டப்படி இல்லை. ஆனால் அது இல்லாமல் நான் ஒரு கேட்டைக்கூடத் திறக்க மாட்டேன். பிரிட்டிஷ் அசோசியேஷன் ஃபார் ஷூட்டிங் அண்ட் கன்சர்வேஷன் போன்ற அமைப்புகளில் உறுப்பினரானால் பொதுப் பொறுப்புக் காப்பீடும், அதாவது உங்களால் பிறருக்கு நேரும் காயத்துக்கும் சேதத்துக்குமான காப்பீடும், சேர்ந்தே வரும்.

கேள்வி: மரப்புறாவையும் சுட்டுக்கொள் என்கிறார் பண்ணைக்காரர். அவர் சொன்னால் சரிதானே?

அவர் சொல் பாதிதான். 1981ஆம் ஆண்டின் வைல்ட்லைஃப் அண்ட் கன்ட்ரிசைட் சட்டப்படி காட்டுப் பறவைகள் எல்லாமே பாதுகாக்கப்பட்டவை. விதிவிலக்காகப் பொது உரிமங்கள் இருக்கின்றன. இங்கிலாந்தில் பயிர்ச் சேதத்தைத் தடுக்கும் உரிமத்துக்கு ஜிஎல்42 என்று பெயர். வேல்ஸுக்கு அதன் சொந்த உரிமங்கள். விண்ணப்பிக்க வேண்டாம், ஆனால் படித்து, அதன் நிபந்தனைக்குள் நடக்க வேண்டும். நிலத்துக்காரர் அனுமதித்த ஆள்தான் அதைப் பயன்படுத்தலாம். ஆக, உங்கள் சட்டைப் பையில் இருக்கும் தாள் இங்கேயும் தேவைப்படுகிறது. பொழுதுபோக்குக்காகவோ கறிக்காகவோ என்று சுட இடமில்லை. காரணம் சேதத்தைத் தடுப்பதாகவே இருக்க வேண்டும். விரட்டும் வழிகளைப் பயன்படுத்தினார்களா என்பதும் முக்கியம். வெடிச்சத்தம் போடும் கேஸ் கருவி வைத்தாரா, பொம்மை நட்டாரா என்று கேட்டு, அந்தத் தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஸ்டாக் டவ் என்ற புறா பார்வைக்கு இதே மாதிரி இருக்கும், அதைத் தொடக் கூடாது. வளர்ந்த மரப்புறாவின் கழுத்தில் வெள்ளைத் திட்டு இருக்கும், பறக்கும்போது இறக்கையில் வெள்ளைப் பட்டை தெரியும். ஸ்டாக் டவ்வில் இரண்டுமே கிடையாது, உருவமும் சிறியது. குஞ்சுப் பருவ மரப்புறாவுக்குக் கழுத்துத் திட்டு இருக்காது என்பதால் இறக்கைப் பட்டையைப் பாருங்கள். சந்தேகம் வந்தால் துப்பாக்கியைத் தாழ்த்துங்கள்.

கேள்வி: வயல் நடுவே பொதுநடைபாதை போகிறது. என்ன செய்வது?

அனுமதி வாங்கும் அன்றே பாதை எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று நடந்து பாருங்கள். பாதையை முதுகுக்குப் பின்னால் வைத்துச் சுடும்படி உட்காருங்கள், பெல்லட் மண்மேட்டில் போய் அடங்க வேண்டும். ஆள் வந்தால் நிறுத்தி, பெல்லட்டை எடுத்துவிட்டு, வணக்கம் சொல்லுங்கள். வண்டி போகும் சாலையின் நடுவிலிருந்து 50 அடிக்குள் சுட்டு, அதனால் போகிறவருக்குத் தடையோ ஆபத்தோ நேர்ந்தால் குற்றம்.

கேள்வி: நண்பனைக் கூட்டிப் போகலாமா? என் மகனுக்கு 15 வயது, அவனை?

அனுமதி உங்களுக்குத்தான். யாராக இருந்தாலும் முதலில் நிலத்துக்காரரிடம் கேட்டு, தாளில் பெயரைச் சேருங்கள். 14 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் அனுமதியுள்ள தனியார் நிலத்தில் ஏர்கன் பயன்படுத்தலாம், ஆனால் வாங்கவோ சொந்தமாக வைத்துக்கொள்ளவோ முடியாது. வீட்டில் அவன் கை படாத இடத்தில் பூட்டி வைப்பது உங்கள் பொறுப்பு.

கேள்வி: அனுமதி கிடைத்துவிட்டது ஐயா! இதைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி?

நல்ல கேள்வி, பலர் கேட்காமல் விடுவதும் இதைத்தான்.

இரண்டாவது வருடம் நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். விடியற்காலையில் ஒரு வயலுக்குள் போனேன். கேட் திறந்து கிடந்தது. யாரோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, நல்லது செய்வதாக எண்ணிச் சாத்தி, கொக்கியும் மாட்டிவிட்டு வந்தேன். தண்ணீர்த் தொட்டி அடுத்த வயலில் இருந்தது. நாற்பது ஆடுகள் அந்த கேட் வழியாகத்தான் தண்ணீருக்குப் போய்வந்தன. நல்ல வெயில் நாள். மாலையில் அவர் போய்ப் பார்க்கும்போது ஆடுகள் கேட் மேல் ஒன்றோடொன்று நெருக்கியடித்து நின்றிருக்கின்றன. ஒன்றும் சாகவில்லை. அவர் தொலைபேசியில் கத்தவும் இல்லை. "இருந்தது இருந்தபடி விடு" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு கேட்டையும் தொடும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன். திறந்திருந்தால் திறந்தபடி, சாத்தியிருந்தால் சாத்தியபடி.

போகும் முன் குறுஞ்செய்தி, கிளம்பும்போது இன்னொன்று, எத்தனை எடுத்தேன் என்ற எண்ணிக்கையோடு. விதைத்த வயலில் குறுக்கே நடக்காமல் ஓரமாக, டிராக்டர் தடத்தில் நடங்கள். ஒரு பண்ணையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது பூட்ஸைக் கழுவுங்கள். 2001இல் கோமாரி நோய் வந்து மந்தை மந்தையாகக் கொன்று எரித்ததைப் பார்த்தவர்கள் அதை மறக்கவில்லை. செத்த முயலை வேலியோரம் எறிந்துவிட்டு வராதீர்கள். அவருக்கு வேண்டுமா என்று கேட்டு, வேண்டும் என்றால் தோலுரித்துச் சுத்தம் செய்து கொடுங்கள். வேலி அறுந்திருந்தால், ஆடு மல்லாந்து கிடந்தால், அந்நிய வண்டி நின்றால் உடனே சொல்லுங்கள். காலை ஐந்து மணிக்கு அவருடைய நிலத்தைச் சுற்றிப் பார்க்க ஒரு ஆள் இருக்கிறார் என்பது அவருக்கு முயல் குறைவதைவிடப் பெரிய நிம்மதி.

கேள்வி: மூன்று வருடம் போன இடத்தில் காரணமே சொல்லாமல் "இனி வராதே" என்றுவிட்டார்கள். என்ன தவறு செய்தேன் என்றாவது கேட்கலாமா?

இப்போது கேட்காதீர்கள். அவர் சொன்ன நொடியிலிருந்து துப்பாக்கியோடு அங்கே நிற்பது அத்துமீறல். அங்கே விட்டுவைத்த மறைப்பு வலை, பொம்மைப் புறா எல்லாவற்றையும் என்றைக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டு, அன்று துப்பாக்கி இல்லாமல் போங்கள். உங்கள் பிரதியைத் திருப்பிக் கொடுத்து, மூன்று வருடத்துக்கு நன்றி சொல்லுங்கள். எனக்கும் இப்படி ஒரு இடம் போனது. தாளைக் கொடுக்கப் போனபோதுதான் வீட்டம்மா சொன்னார், மகள் குதிரை வாங்கியிருக்கிறாள், சத்தத்துக்கு அது மிரள்கிறது என்று. பின்னால் அவரே சாலைக்கு அப்பால் இருந்த தன் அண்ணன் வீட்டு எண்ணை எழுதிக் கொடுத்தார்.