பாஸாவில் ஏறி பாஸாவிலேயே இறங்குங்கள்

ஆற்றுக் கப்பலையும் வாடகைக் காரையும் இணைத்துக் குடும்பத்தோடு ஐரோப்பா சென்றுவர விரும்பும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எழுபது வயதைக் கடந்த என் பெற்றோர், மனைவி, பதினான்கும் பத்தும் வயதான பிள்ளைகள் ஆகியோரோடு அடுத்த ஜூன் மாதம் இரண்டு வாரப் பயணம் போக எண்ணியிருக்கிறேன். ஆம்ஸ்டர்டாமிலிருந்து புடாபெஸ்ட் வரை கப்பலில் சென்று, அங்கே கார் எடுத்து ரோமையும் பாரிஸையும் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா? (வாசகர், கோயம்புத்தூர்)

முடியாது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து புடாபெஸ்ட் செல்லும் கப்பல்கள் வழக்கமாகப் பதினான்கு இரவுகள் எடுத்துக்கொள்கின்றன. உங்கள் இரண்டு வாரமும் அதிலேயே தீர்ந்துவிடும். ரைன், மைன் ஆறுகளில் எதிர்நீரில் ஏறி, 1992ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட 171 கி.மீ. கால்வாயின் வழியாகக் கடல் மட்டத்துக்கு 406 மீட்டர் மேலே உள்ள மேட்டைக் கடந்து, அதன் பிறகே கப்பல் டான்யூப் ஆற்றில் இறங்கும். இருமுனையிலும் கதவுள்ள கான்கிரீட் தொட்டிக்குள் கப்பலை நிறுத்தி, நீரை நிரப்பியோ வடித்தோ ஏற்றி இறக்கும் லாக்குகள் இவ்வழியில் அறுபதுக்கும் மேல் இருக்கின்றன. முதல் நான்கைந்து லாக்குகளைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். பிறகு கைபேசியை எடுத்துவிடுவார்கள். புடாபெஸ்டிலிருந்து ரோம் சாலைவழியே சுமார் 1,200 கி.மீ.; ரோமிலிருந்து பாரிஸ் சுமார் 1,400 கி.மீ. முழங்கால் வலியுள்ள பெரியவர்களைப் பின்னிருக்கையில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டக்கூடிய தொலைவு அல்ல இது.

மியூனிக்கில் விமானம் இறங்கி, இரண்டேகால் மணி நேர ரயில் பயணத்தில், டான்யூப் கரையிலுள்ள ஜெர்மானிய நகரமான பாஸாவ் செல்லுங்கள். அங்கே கிளம்பி வியன்னாவையும் புடாபெஸ்டையும் தொட்டு, ஏழு இரவுகளில் பாஸாவுக்கே திரும்பும் கப்பல்கள் கோடைக்காலத்தில் நிறைய உண்டு. டான்யூப் ஆற்றில் கிலோமீட்டர்க் கணக்கு, ருமேனியாவின் சுலினா முகத்துவாரத்தில் பூஜ்யத்தில் தொடங்கி மேல்நோக்கி எண்ணப்படுகிறது. பாஸாவ் 2,226, வியன்னா ஏறத்தாழ 1,929, புடாபெஸ்ட் 1,647 என்று கரையோரப் பலகைகளின் எண்களைப் படித்துக்கொண்டே உங்கள் தந்தையார் மேல்தளத்தில் உட்கார்ந்து வரலாம். நான் சென்றபோது என் மாமனாருக்கு அதுதான் முழுநேர வேலையாக இருந்தது.

காரைக் கப்பலிலிருந்து இறங்கிய பிறகு எடுங்கள். முன்கூட்டியே எடுத்தால், ஏழு நாள் சும்மா நிற்கும் வண்டிக்கும் வாடகை கட்ட வேண்டியிருக்கும். பாஸாவில் எடுத்த காரை மியூனிக்கில் விட்டால் ஜெர்மனிக்குள்ளேயே முடிந்துவிடும். ஒரு நாட்டில் எடுத்து வேறு நாட்டில் விடுவதற்குக் கேட்கும் கட்டணம், சில சமயம் வாடகையையே மிஞ்சிவிடும். இடைப்பட்ட ஐந்து நாட்களுக்கு சால்ஸ்பர்க் பக்கத்து ஏரிப் பகுதியில் ஒரே வீட்டை எடுத்துத் தங்கி, தினமும் ஒரு திசையில் போய் வாருங்கள். அவற்றில் ஒரு நாளை கிராஸ்குளோக்னர் மலைப்பாதைக்கு ஒதுக்க வேண்டும். 1935ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட 48 கி.மீ. நீளமுள்ள இப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. உச்சியிலுள்ள பார்வையிடம் 2,571 மீட்டர், அதாவது நம் தொட்டபெட்டாவை விடச் சற்றே குறைவு. பாஸ்டெர்ஸ் பனியாற்றை நோக்கி இறங்கும் நடைபாதையில், எந்த ஆண்டில் பனி எதுவரை இருந்தது என்று பலகை நட்டிருக்கிறார்கள். ஒரு பலகைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரத்தைப் பிள்ளைகளை நடந்து அளக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் ஆறு பேர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏழு இருக்கைக் காரில் கடைசி வரிசையை விரித்துவிட்டால் பெட்டி வைக்க இடம் இராது. ஓட்டுநரோடு சேர்த்து ஒன்பது பேர் அமரும் வேனைச் சாதாரணக் கார் உரிமத்திலேயே ஓட்டலாம், அதையே கேளுங்கள்.

கேள்வி: கப்பலில் கீழ்த்தள அறைகள் மிகவும் மலிவாக இருக்கின்றன. அம்மாவுக்கு முழங்கால் வலி. எந்த அறையை எடுப்பது? (வாசகி, மதுரை)

கீழ்த்தள அறையின் சன்னல் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, திறக்க முடியாதபடி இருக்கும். தூங்குவதற்கும் குளிப்பதற்கும் மட்டுமே அறைக்கு வருபவர்களுக்கு அது போதும். பல கப்பல்களில் லிஃப்ட் கீழ்த்தளத்துக்கும் செல்லாது, திறந்த மேல்தளத்துக்கும் செல்லாது. நடுத்தளங்களுக்கு இடையே மட்டும் ஓடும். ஆகவே அம்மாவுக்கு நடுத்தள அறைதான் ஏற்றது. எஞ்சின் ஓசை கேட்கும் பின்கோடி அறையைத் தவிர்த்துவிடுங்கள்.

பெருந்தொகை கொடுத்துப் பால்கனி அறை எடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. துறைகளில் இடம் போதாமல் இரண்டு மூன்று கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்துவார்கள். வியன்னாவில் ஒரு காலை, ஆற்றைப் பார்க்கலாம் என்று திரையை விலக்கினேன். ஒரு முழத் தூரத்தில், அடுத்த கப்பலின் அறையில் ஒரு பெரியவர் பனியனோடு பல் துலக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். இருவரும் ஒரே நேரத்தில் திரையை இழுத்து மூடினோம். அப்படி நிற்கும்போது கரைக்குப் போக, அடுத்த கப்பலின் கூடத்தைக் கடந்தோ சில நேரங்களில் மேல்தளத்துக்குப் படியேறிச் சென்று இறங்கியோ போக வேண்டியிருக்கும். அம்மாவுக்கு உதவி தேவைப்படும் என்பதைப் பதிவு செய்யும்போதே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

அறைகள் சிறியவையாக இருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம். மைன் ஆற்றிலும் கால்வாயிலும் லாக்கின் அகலம் 12 மீட்டர் என்பதால் அவ்வழியே போகும் கப்பல்கள் 11.4 மீட்டர் அகலத்தில் கட்டப்படுகின்றன. நீளம் 135 மீட்டர் வரை போகலாம், அகலம் கூடாது.

கேள்வி: என் நண்பர் குடும்பம் கப்பலுக்குப் பணம் கட்டிவிட்டு, ஆற்றில் நீர் இல்லை என்று மூன்றாம் நாள் முதல் பேருந்தில் அழைத்துச் செல்லப்பட்டது. இதை எப்படித் தவிர்ப்பது? (வாசகர், திருச்சி)

ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் டான்யூபின் பெரும்பகுதி, அணைகளாலும் லாக்குகளாலும் படிப்படியாகத் தேக்கப்பட்ட ஆறு. மழை பொய்த்தாலும் அப்பகுதிகளில் ஓரளவு ஆழம் இருக்கும். அணையின்றி இயல்பாக ஓடும் பகுதிகளில்தான் கப்பல் தரைதட்டும் நிலை வருகிறது. பவேரியாவில் ஸ்ட்ராபிங்கிலிருந்து வில்ஸ்ஹோஃபென் வரை சுமார் 70 கி.மீ. அத்தகைய பகுதி. நியூரம்பர்கிலோ ரேகன்ஸ்பர்கிலோ தொடங்கும் கப்பல்கள் அதைக் கடந்தாக வேண்டும். பாஸாவ் அதற்குக் கீழே இருக்கிறது. முதல் பதிலில் பாஸாவை நான் வற்புறுத்தியதற்கு இதுவே முதன்மையான காரணம். ஆஸ்திரியாவின் வாகாவ் பள்ளத்தாக்கும் வியன்னாவுக்குக் கிழக்கேயுள்ள பகுதியும் அணையற்றவை என்பதால் அங்கேயும் முழு உறுதி சொல்வதற்கில்லை. ரைன் ஆற்றில் காப் என்னும் ஊரின் அளவுகோலை எல்லோரும் கவனிப்பார்கள். 2018 அக்டோபரில் அது 25 செ.மீ. வரை இறங்கியது. அளவுகோல் காட்டுவது ஆற்றின் முழு ஆழத்தை அல்ல, உண்மையான ஆழம் அதைவிட ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாகவே இருக்கும். இருந்தாலும் சரக்குக் கப்பல்கள் பாதிப் பாரத்தைக்கூட ஏற்ற முடியாமல் தவித்தன.

நீர் கூடினாலும் சிக்கல்தான், ஏனெனில் பாலங்களின் அடியில் கப்பல் நுழையாது. 2024 செப்டம்பர் நடுவில் பெய்த பெருமழையின்போது ஆஸ்திரியாவில் கப்பல்கள் நாள்கணக்கில் கட்டிப்போடப்பட்டுக் கிடந்தன. பாஸாவ் நகரமன்றக் கோபுரத்தின் சுவரில் ஒவ்வொரு வெள்ளத்தின் உயரத்தையும் கோடிட்டு வைத்திருக்கிறார்கள். 2013 ஜூனில் வந்த 12.89 மீட்டர் வெள்ளத்தின் கோடு, கீழே நிற்பவர் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் இருக்கிறது.

வறட்சி பெரும்பாலும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை வருவதால் அதற்கு முந்தைய மாதங்களைத் தேர்ந்தெடுப்பது ஓரளவு பாதுகாப்பு. பயணத் திட்டத்தை மாற்றும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு என்ற வரி ஏறத்தாழ எல்லா ஒப்பந்தங்களிலும் இருக்கும்; எத்தனை நாள் பேருந்தில் சென்றால் எவ்வளவு பணம் திரும்பும் என்பதைக் கட்டணம் செலுத்தும் முன்பே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மியூனிக்கில் இறங்குவதால் ஜெர்மனி விசாவுக்குத்தானே விண்ணப்பிக்க வேண்டும்? (வாசகர், சென்னை)

அவசியமில்லை. ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஷெங்கன் நாடுகளில் எதில் அதிக நாட்கள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால்தான் முதலில் நுழையும் நாடு கணக்கில் வரும். மேலே சொன்ன பயணத்தில் ஆஸ்திரியாவில் கழியும் நாட்களே அதிகம். கப்பல் எந்தத் தேதியில் எந்த நாட்டில் இருக்கும் என்ற பட்டியலை நிறுவனத்திடம் வாங்கி விண்ணப்பத்தோடு இணையுங்கள். ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும் செல்லுபடியாகும், குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பெல்கிரேடு வரை செல்லும் கப்பலென்றால், செர்பியா ஷெங்கனுக்கு வெளியே இருப்பதால், ஒருமுறை நுழைவு விசாவை வைத்துக்கொண்டு திரும்ப உள்ளே வர முடியாது.

கேள்வி: சேலத்தில் இருபது ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறேன். அங்கே ஓட்ட என்னென்ன தேவை? (வாசகர், சேலம்)

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள்; அது ஓராண்டுக்குச் செல்லும். நம் அசல் உரிமத்தையும் கூடவே எடுத்துச் செல்ல வேண்டும். ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். டெபாசிட்டை அதில்தான் பிடித்து வைப்பார்கள், டெபிட் கார்டைப் பெரும்பாலான இடங்களில் ஏற்கமாட்டார்கள். தனியே கேட்காவிட்டால் கிளட்ச் உள்ள வண்டியே கிடைக்கும். சாலையின் வலப்பக்கம் ஓட்டும்போது கியர் வலக்கையில் வரும். முதல் நாள் நம் இடக்கை பழக்கதோஷத்தால் கதவைத் துழாவிக்கொண்டிருக்கும். ஆட்டோமேட்டிக் வண்டி எடுத்தால் ஒரு கவலை குறையும்.

ஜெர்மனியில் கார்களுக்குச் சுங்கம் இல்லை. ஆஸ்திரியாவின் நெடுஞ்சாலைகளில் ஏறும் முன் விக்னெட் என்னும் சாலைக் கட்டண வில்லையை வாங்கிவிட வேண்டும். ஒரு நாள், பத்து நாள் என்ற அளவுகளில் கிடைக்கும். நம் ஃபாஸ்டேக் போலச் சாவடியில் பணம் கழியாது. வாங்காமல் பிடிபட்டால் அபராதம்தான். டவர்ன் நெடுஞ்சாலை போன்ற சில மலைச் சாலைகளுக்கும், கிராஸ்குளோக்னர் பாதைக்கும் தனிக் கட்டணம் உண்டு.

குழந்தை இருக்கை விதி நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆஸ்திரியாவில் 14 வயதுக்குக் கீழே, 135 செ.மீ.க்குக் குறைவான உயரமுள்ளவர்களுக்கும், ஜெர்மனியில் 12 வயதுக்குக் கீழே, 150 செ.மீ.க்குக் குறைவானவர்களுக்கும் கட்டாயம். 140 செ.மீ. உயரமுள்ள பத்து வயதுப் பிள்ளைக்கு சால்ஸ்பர்கில் தேவைப்படாத இருக்கை, அரை மணி நேரத்தில் எல்லை தாண்டியதும் தேவைப்படும். நெடுஞ்சாலையில் போக்குவரத்து நின்றுபோனால், இடக்கோடி வரிசையில் இருப்பவர்கள் இடது ஓரமாகவும் மற்றவர்கள் வலது ஓரமாகவும் ஒதுங்கி நடுவே ஆம்புலன்சுக்கு வழிவிட வேண்டும். ஆம்புலன்ஸ் வரும் ஓசை கேட்ட பிறகு ஒதுங்குவது தவறு, வண்டிகள் தேங்கத் தொடங்கியதுமே ஒதுங்க வேண்டும். குடியிருப்புத் தெருச் சந்திப்புகளில் பலகை ஏதும் இல்லையென்றால் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. ஹார்னை மறந்துவிடுங்கள்.

கேள்வி: மூன்று, ஆறு வயதுப் பிள்ளைகளுடன் ஒரு வாரக் கப்பலுக்குச் செலவழிக்க வசதியில்லை. வேறு வழி உண்டா? (வாசகி, வேலூர்)

உண்டு. உங்கள் குடும்பத்துக்கு அந்தக் கப்பலைவிடப் பகல்நேரப் படகுப் பயணமே மேல். பல நிறுவனங்கள் சிறு பிள்ளைகளை ஏற்பதில்லை. ஏற்கும் கப்பல்களிலும் ஓடியாட இடமில்லை. மெல்க் முதல் கிரெம்ஸ் வரையிலான 36 கி.மீ. வாகாவ் பள்ளத்தாக்கு, முழுப் பயணத்தின் மிக அழகான பகுதி. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. காரைக் கிரெம்ஸில் நிறுத்திவிட்டுப் பேருந்தில் மெல்க் சென்று, மடாலயத்தைப் பார்த்துவிட்டு, பகல்நேரப் படகில் ஆற்றோட்டத்தோடு இறங்கி வாருங்கள். இறங்க ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்குள் ஆகும். எதிர்நீரில் ஏறினால் ஏறத்தாழ மூன்று மணி நேரம். இந்தத் திசையை மாற்றி டிக்கெட் எடுத்துவிட்டு, இரண்டாம் மணியில் அழத் தொடங்கும் பிள்ளைகளோடு திண்டாடும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். வழியில் டூர்ன்ஸ்டைன் குன்றின் மேலே இடிந்த கோட்டை தெரியும். சிலுவைப் போரிலிருந்து திரும்பிய இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டை 1192ஆம் ஆண்டின் இறுதியில் பிடித்து அங்கேதான் அடைத்து வைத்தார்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து அப்பா, அம்மா சுவிஸ் விசாவில் எங்களிடம் வந்திருக்கிறார்கள். அவர்களை எங்கள் காரில் ஆஸ்திரியா, ஜெர்மனி கூட்டிச் செல்லலாமா? (வாசகி, சூரிச்)

தாராளமாகச் செல்லலாம். அது ஷெங்கன் விசா. விசாவில் குறித்த நாட்களுக்குள், எந்த 180 நாட்களிலும் 90 நாட்களுக்கு மிகாமல் இருந்தால் போதும். எல்லையில் சோதனை நடக்கலாம் என்பதால் கடவுச்சீட்டுகளையும் உங்கள் வதிவிட அட்டையையும் கையோடு வைத்திருங்கள். காரில் ஒட்டியுள்ள சுவிஸ் விக்னெட் ஆஸ்திரியாவில் செல்லாது, அங்கே தனியாக வாங்க வேண்டும்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். எலக்ட்ரிக் குக்கர் எடுத்துச் செல்லலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

கப்பல் அறையில் தீ விபத்து அச்சத்தால் அனுமதிக்கமாட்டார்கள்; கார்ப் பயணத்தில் சமையலறையோடு கூடிய வீடு எடுத்தால் அங்கேயே எல்லாம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடிக்கிடக்கும் என்பதால் அரிசி, பால், தயிரைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். உணவகத்தில், தோசையை மெல்லிதாக நறுக்கிப் போட்டதுபோல் வரும் ஃபிரிட்டாட்டன் சூப்பைக் கண்டு சைவம் என்று எண்ணிவிட வேண்டாம். அதன் சாறு மாட்டிறைச்சியில் காய்ச்சியது. ஜூலை நடுவில் வாகாவ் பக்கம் இருந்தீர்களானால் மரில்லன் குனூடல் கேளுங்கள். முழு ஆப்ரிகாட் பழத்தை மாவுக்குள் பொதிந்து வேகவைத்து, வெண்ணெயில் வறுத்த ரொட்டித்தூளில் புரட்டித் தருவார்கள். நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட உறவு. சில சமையலறைகளில் பழத்தின் கொட்டையை எடுத்துவிட்டு ஒரு சர்க்கரைக் கட்டியை வைப்பார்கள், சிலவற்றில் கொட்டையோடேயே வரும். ஆகவே பல் கட்டியிருக்கும் பெரியவர்களை முதல் வாய் மெதுவாகக் கடிக்கச் சொல்லுங்கள்.