கழிவுநீர்க் கசடு: தென்னைக்கு இடலாம், மஞ்சளுக்கு வேண்டாம்

கேள்வி: பல்லடம் அருகே மூன்று ஏக்கரில் தென்னையும் மஞ்சளும் இருக்கின்றன. சுத்திகரிப்பு நிலையத்துக் காய்ந்த கசடு என்று ஒருவர் லோடு கணக்கில் மலிவாகத் தருகிறார். பட்டி எருவுக்குப் பதிலாக இடலாமா?

பதில்: அது எந்த நிலையத்துக் கசடு என்பதை முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கோவை உக்கடம், ஒண்டிப்புதூர் நிலையங்களில் கிடைப்பது வீட்டுக் கழிவுநீரின் கசடு. சாயப்பட்டறைக் கசடோ உப்பும் ரசாயனமும் சேர்ந்தது, சட்டப்படி அபாயகரமான கழிவு. காய்ந்து பொடியானபின் இரண்டையும் கண்ணால் மட்டும் பிரித்தறிவது நம்பத்தக்கதன்று. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயநீர் நொய்யல் கரைத் தோட்டங்களை எப்படிப் பாழாக்கியது என்பதை நம் பக்கத்தில் எவரும் மறக்கவில்லை. நிலையத்தின் பெயரைச் சொல்லத் தயங்கினால் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

வீட்டுக் கசடாகவே இருந்தாலும் பச்சையாக இடக்கூடாது. அதிலுள்ள உருண்டைப்புழு முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். தென்னை நார்க்கழிவோடும் சருகோடும் கலந்து நீள அம்பாரமாகக் குவித்து, உட்புறச் சூடு 55 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் 15 நாள் நிற்கும்படி, அதற்குள் ஐந்து முறையாவது புரட்டிவிட்டு, பின்னர் இரண்டு மாதம் ஆறவிடுங்கள். சூட்டை வெப்பமானி வைத்தே பாருங்கள். புரட்டும் ஆட்களுக்குக் கையுறை கட்டாயம். பக்குவத்தை அறிய, ஈரமாக்கிய ஒரு பிடி எருவைப் பாட்டிலில் அடைத்து வைத்து ஒரு வாரம் கழித்துத் திறந்தால், புதுமழை பட்ட செம்மண் வாசனை வரவேண்டும். நாற்றமடித்தால் இன்னும் மக்கவில்லை.

இடுவதற்கு முன் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் மாதிரி கொடுத்துக் கன உலோகங்களைச் சோதித்துவிடுங்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நகரக் கம்போஸ்டில் ஒரு கிலோவுக்குக் காட்மியம் 5, குரோமியம் 50, நிக்கல் 50, ஈயம் 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது.

மஞ்சளுக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கிழங்கு அந்த மண்ணுக்குள்ளேயே பருக்கிறது. அமெரிக்க விதிகளும், கிருமி முழுதும் நீங்காத கசடு இட்ட நிலத்தில் மண்ணுக்கடியில் விளைவதைக் குறைந்தது 20 மாதம் அறுவடை செய்ய அனுமதிப்பதில்லை. அந்த வயலுக்குப் பட்டி எருவையே வையுங்கள்.

காய்க்கும் தென்னை ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 கிலோ மக்கிய எரு பரிந்துரை. முதல் ஆண்டில் பாதியைக் கசடு எருவாகவும் மீதியைப் பட்டி எருவாகவும், மரத்தைச் சுற்றி ஆறடி ஆரமுள்ள வட்டப்பாத்தியில் இட்டு மண் மூடுங்கள். கசடில் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) தங்கும், சாம்பல் சத்தோ (பொட்டாசியம்) நீரோடு போய்விடும். ஆகவே மரத்துக்கு 2 கிலோ பொட்டாஷில் ஒரு பிடிகூடக் குறைக்காதீர்கள். அம்பாரம் கிணற்றை விட்டு நன்கு தள்ளி இருக்கட்டும். இட்ட தோப்பில் ஒரு மாதத்துக்கு மாடுகளைக் கட்டவேண்டாம்.