வால்யூமைத் தொட்டாலே அலறுகிறதா?

கேள்வி: என் பவர் ஆம்ப்ளிஃபயர் 0.775 வோல்ட் உள்ளீட்டிலேயே முழு சக்தியைக் கொடுத்துவிடுகிறது. அதற்கு முன்னால் இருக்கும் ப்ரீஆம்பில் வால்யூமைக் கொஞ்சம் திருப்பினாலே அலறுகிறது, இரைச்சலும் உண்டு. ஃபீட்பேக் (வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுக்குத் திருப்புவது) ரெசிஸ்டரை மாற்றி கெயினை, அதாவது ஆம்ப் சிக்னலைப் பெருக்கும் அளவை, குறைக்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். நான் ஒருமுறை அதைச் செய்தேன். கெயின் குறைந்தது, ஆனால் காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் ஆம்ப் தானாக அலைவுறத் தொடங்கி, பாட்டே போடாமல் ட்வீட்டர் (உயர் ஒலிகளுக்கான ஸ்பீக்கர்) கருகியது. ஒரு குறிப்பிட்ட கெயினுக்காக நிலைப்படுத்திய சுற்று அது. கெயினைக் குறைத்தால் ஃபீட்பேக் கூடும், அந்த நிலைப்பு போய்விடலாம்.

உள்ளே கை வைக்காமல், ஆம்புக்குப் போகும் ஆர்சிஏ பிளக்குக்குள்ளேயே வேலையை முடியுங்கள். சிக்னல் கம்பியில் தொடராக 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர்; அதன் ஆம்ப் பக்க முனையிலிருந்து கிரவுண்டுக்கு இன்னொரு 3.3 கிலோ ஓம் ரெசிஸ்டர். கால் வாட், 1% மெட்டல் ஃபிலிம் போதும். இரண்டு சேனலுக்கும் ஒரே மதிப்புகள்தான். ஆம்பின் உள்ளீட்டு மின்தடை 47 கிலோ ஓம் என்றால், சிக்னல் 10 டெசிபல் குறையும். முழு சக்திக்குச் சுமார் 2.5 வோல்ட் தேவைப்படும். ப்ரீஆம்புக்குத் தெரியும் சுமை ஏறக்குறைய 10 கிலோ ஓம். வால்வு (வெற்றிடக் குழாய்) ப்ரீஆம்ப் என்றால் இது கனமாக இருக்கலாம், முதலில் அதன் கையேட்டைப் பாருங்கள்.

ப்ரீஆம்பின் இரைச்சலும் அதே அளவு அடங்கும். ஆம்பின் சொந்த இரைச்சல் மட்டும் அப்படியே இருக்கும். அப்புறம், பிளக்கைச் செருகும்போது ஆம்ப் அணைந்திருக்கட்டும்.