வேலூரில் இருந்தபடியே டிசைன் தொழில் நடத்திப் பிழைக்க முடியுமா?

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) முடித்திருக்கிறீர்கள், வீடு காட்பாடியில், சொந்தமாக ஒரு டிசைன் ஸ்டூடியோ வைக்க ஆசை. வேலூர் ஆட்கள் டிசைனுக்குக் காசு தருவார்களா, இல்லை சென்னை, பெங்களூரு என்று கிளம்பத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

டிசைனுக்கு என்று கேட்டால் பெரும்பாலும் தர மாட்டார்கள். ஆனாலும் பிழைக்கலாம். சத்துவாச்சாரியில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன், கூட இரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள், வண்டி ஓடுகிறது.

நம்ம ஊர்ப் பழக்கம் உங்களுக்கே தெரியும். ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனால் சதுர அடிக்கு இவ்வளவு என்று ரேட். டிசைன் அதிலேயே அடக்கம். ஆயிரம் விசிட்டிங் கார்டு அடித்தால் டிசைன் சும்மா. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு லாபம் மெஷின் ஓடுவதில்தான். கோரல் என்கிற டிசைன் சாஃப்ட்வேரில் போன வாரத்து காதுகுத்து ஃபைலைத் திறந்து, பெயரை மாற்றி, தாய்மாமன் போட்டோவைச் சொருகி, கால் மணி நேரத்தில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அந்த வேகத்தோடும் அந்த விலையோடும் நீங்கள் போட்டி போட்டால் மூன்று மாதத்தில் கடையைச் சாத்த வேண்டியதுதான். "இன்னா சார், நாலு எழுத்துக்கு இம்மாம் காசா?" என்று கேட்கிறவரிடம் டிசைன் என்றால் என்ன என்று வகுப்பு எடுக்காதீர்கள். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அவருடைய பேனர் நாலு நாள் நிற்கும், அதில் ஃபாண்ட் சரியில்லை என்றால் அவருக்கு ஒரு பைசா நஷ்டமில்லை.

டிசைன் தப்பானால் யாருக்குக் கையில் இருந்து காசு போகுமோ, அவரிடம் போங்கள். நான் சொல்ல வந்ததே இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவது.

சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். காந்தி ரோடு, பாபு ராவ் தெரு பக்கமெல்லாம் லாட்ஜ், மெடிக்கல், மெஸ், டிராவல்ஸ். அங்கே தங்குகிறவர்களில் மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட் என்று வருகிறவர்கள் ஏராளம். அதனால் போர்டில் வங்காளம் வேண்டும், இந்தி வேண்டும். சட்டமோ கடைப் பெயர்ப் பலகையில் தமிழ்தான் பெரிதாக இருக்க வேண்டும் என்கிறது; தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்று கணக்கு. அதாவது வாடிக்கையாளர் படிக்கிற மொழிக்குப் பத்தில் இரண்டு பங்கு இடம். அந்த இரண்டு பங்கில், ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், கையில் ரிப்போர்ட் கவரோடு ஆட்டோவிலிருந்து இறங்குகிறவர் கண்ணில் "அறை உண்டு, சமையலறை உண்டு" என்பது பட வேண்டும். இதை கால் மணி நேரத்தில் செய்ய முடியாது.

ஒரு லாட்ஜ்காரர் புதிதாக ஏ.சி.பி. என்கிற அலுமினிய ஷீட்டில் அக்ரிலிக் எழுத்து வைத்து போர்டு போட்டிருந்தார். வேறு யாரோ செய்த வேலை. வங்காள எழுத்துகளின் தலையில் ஒரு கோடு ஓடி எல்லாவற்றையும் கோர்க்கும், பார்த்திருப்பீர்கள். அந்த போர்டில் கோடு ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனியாக அறுந்து கிடந்தது. கூட்டெழுத்துகள் உடைந்து, இரண்டு எழுத்தாகப் பிரிந்து, நடுவில் ஒரு குறி தொங்கிக்கொண்டிருந்தது. வாட்ஸ்அப்பில் யாரோ சரியாகத்தான் அனுப்பியிருக்கிறார்கள். பழைய கோரலில் ஒட்டும்போது சிதறியிருக்கிறது. தமிழுக்கும் இதே கதைதான்: யூனிகோடில் வந்த மேட்டரைப் பழைய பாமினி, ஸ்ரீலிபி வகை ஃபாண்டுக்கு மாற்றும்போது 'கொ' பிய்ந்து, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிற்பதைப் பத்திரிகைகளில் கூடப் பார்க்கலாம். லாட்ஜ்காரருக்கு வங்காளம் தெரியாது. வந்து தங்கிய ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னபோதுதான் தெரிந்ததாம். அக்ரிலிக் வெட்டியாகிவிட்டது, திரும்பப் புதிதாக வெட்ட வேண்டும். அவரிடம் டிசைன் கட்டணம் தனி என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. இப்போது எங்களிடம் வருகிற வங்காள வேலையை, அந்தப் பக்கமே மெஸ் நடத்தும் ஒரு கொல்கத்தாக்காரர் படித்துப் பார்த்து ஓகே சொன்ன பிறகே வெட்டக் கொடுக்கிறோம். அவருக்கும் அதற்கு ஒரு தொகை உண்டு.

இன்னொரு இடம் பாக்கெட். மசாலாப் பொடி, முறுக்கு, சிறுதானிய மாவு என்று வீட்டில் ஆரம்பித்து வளர்கிறவர்கள் குடியாத்தம், ஆற்காடு, ஆம்பூர் எல்லாப் பக்கமும் இருக்கிறார்கள். பெரிய அளவில் பவுச் அடிக்கும்போது கிராவியூர் முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி சிலிண்டர் செய்ய வேண்டும், சிலிண்டருக்கு ஆயிரக்கணக்கில் ஆகும். ஏழு நிறத்தில் இருக்கும் டிசைனை நாலு நிறத்தில் அதே பளிச்சோடு கொண்டுவந்தால் மூன்று சிலிண்டர் காசு மிச்சம். உங்கள் கட்டணம் அந்த மிச்சத்துக்குள்ளேயே அடங்கிவிடும், அதை கொட்டேஷனிலேயே எழுதிக் காட்டலாம். அப்புறம் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்கிற உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண், சைவக் குறி, நிகர எடை, எம்.ஆர்.பி., தயாரித்த தேதிக்கு இடம், புகாருக்கான தொடர்பு விவரம் என்று கட்டாயமாக இருக்க வேண்டியவை உண்டு. ஒன்று விட்டுப்போனால் அடித்த ரோல் முழுக்க குப்பை. இந்த விதிகளைப் படித்து வைத்திருக்கிற டிசைனரை அவர்கள் விட மாட்டார்கள். நீங்கள் போடும் படம் சுமாராக இருந்தாலும் கூட.

தோல் பக்கம், அதாவது ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில், பெரிய ஏற்றுமதியாளர்களுக்குச் சென்னையில் ஆள் இருப்பார்கள். நடுத்தர ஆட்களுக்குத்தான் கேட்லாக், சாம்பிள் போட்டோ, சென்னை தோல் கண்காட்சிக்கு ஸ்டால் டிசைன் என்று தேவை வரும். உள்ளே நுழையக் கொஞ்சம் காலம் பிடிக்கும். ஒரு பாய் சொல்லி இன்னொரு பாயிடம் போவதுதான் அங்கே விளம்பரம். வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தை நம்பாதீர்கள். அத்தனை ஆயிரம் மாணவர்கள், ரிவியேரா, கிராவிடாஸ் என்று விழாக்கள், பெரிய மார்க்கெட் என்று தோன்றும். பசங்களே கேன்வாவில் நம்மைவிட நன்றாகப் போட்டுக்கொள்கிறார்கள்.

சரி, விலை. வாடகை, கரண்ட், சாஃப்ட்வேர் சந்தா, சம்பளம், உங்கள் வீட்டுச் செலவு எல்லாம் சேர்த்து மாதம் 45,000 என்று வையுங்கள். 25 நாள், நாளுக்கு 8 மணி என்றால் 200 மணி நேரம். இதில் பாதி பேச்சு, அலைச்சல், வசூல், கரண்ட் கட் என்று போய்விடும். காசாகிற நேரம் 100 மணிதான். அப்படியானால் ஒரு மணிக்கு 450 ரூபாய் வாங்கினால் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. ஒரு லோகோவுக்கு 20 மணி ஆகும் என்றால் 9,000-க்குக் கீழே இறங்குவது கையைக் கடிக்கும். பேரம் பேசுகிறவரிடம் இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும். தெரிந்திருந்தால் குரல் தானாகவே உறுதியாக இருக்கும்.

பில்லில் டிசைன் காசை ஒரு வரியிலும் பிரிண்ட் காசை இன்னொரு வரியிலும் தனித்தனியாக எழுதுங்கள். பிரிண்ட் வேறு எங்காவது மலிவு என்றால் தாராளமாக அங்கே அடித்துக்கொள்ளட்டும், நமக்கு டிசைன் காசு வந்துவிட்டது. பாதி அட்வான்ஸ் வாங்காமல் கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள். இரண்டு சுற்று கரெக்‌ஷன், அதற்கு மேல் தனிக் கட்டணம் என்று கொட்டேஷனிலேயே இருக்கட்டும். யார் ஓகே சொல்வார் என்பதையும் முதலிலேயே கேட்டு எழுதிவிடுங்கள். முதலாளி சரி என்பார், மச்சான் வந்து சிவப்பாக்கு என்பார், கடைசியில் ஜோசியர் எழுத்தை எண்ணிப் பார்த்து ஒரு 'ஏ' சேர்க்கச் சொல்வார். ஜோசியரை முதல் கூட்டத்துக்கே கூட்டி வரச் சொல்வது என் வழக்கம், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஓப்பன் ஃபைல், அதாவது திருத்தக்கூடிய மூல ஃபைல், கேட்டால் முழுப் பணம் வந்த பிறகு, அதற்கென்று தனி விலையில்.

உரிமை விஷயத்தில் நம்ம ஆட்கள் பலருக்குத் தெரியாத ஒன்று. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். கல்யாண போட்டோ எடுத்து உங்கள் இன்ஸ்டாகிராமில் போட வேண்டுமானால் ஆர்டர் ஃபாரத்திலேயே ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பையன் வேலையின் பகுதியாக வரைந்தது ஸ்டூடியோவுக்குச் சொந்தம். வெளியில் ஒரு ஃப்ரீலான்ஸரிடம் லோகோ, டிசைன் போட்டு வாங்கினால் கதை வேறு, உரிமையை அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அதில் எத்தனை வருடம் என்று குறிப்பிடாவிட்டால் சட்டம் ஐந்து வருடம் என்று எடுத்துக்கொள்ளும், எந்த இடம் என்று சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். ஏற்றுமதி பாக்கெட்டுக்கு வரைய வைத்துவிட்டு இதை விட்டுவிட்டால் பின்னால் வம்பு.

வசூல்தான் இந்தத் தொழிலின் நிஜமான வேலை. உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு இலவசம், ஆன்லைனில் நீங்களே செய்யலாம், ஏஜென்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். அந்த எண்ணைப் பில்லில் போடுங்கள். 2006-ஆம் ஆண்டின் சிறு, குறுந்தொழில் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில், இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் உங்கள் பணம் வர வேண்டும். 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை உங்கள் வாடிக்கையாளர் வருமான வரிக் கணக்கில் அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது, கொடுக்கும் வருடத்தில்தான் காட்ட முடியும். வழக்கெல்லாம் போட வேண்டாம். மார்ச் மாதம் அவருடைய ஆடிட்டருக்கு ஒரு மரியாதையான மெயில் போதும், பேலன்ஸ் வந்துவிடும். கம்பெனிகள் 10 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்தால் பதறாதீர்கள், வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ரிட்டர்ன் போட்டால் கணக்கு நேராகிவிடும். சேவைத் தொழிலுக்கு வருட வரவு 20 லட்சம் தாண்டும் வரை ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாகத் தேவையில்லை. பெரிய வாடிக்கையாளர் சிலர் ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வேலை தர மாட்டார்கள், அப்போது யோசிக்கலாம்.

ஃபாண்ட் திருட்டு வேண்டாம். கேட்லாக் வெளிநாடு போகும்போது அது தலைவலி. முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன், பாலூ தம்பி 2 என்று கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகவே நல்ல தமிழ் எழுத்துருக்கள் இருக்கின்றன, வணிகத்துக்கும் பயன்படுத்தலாம்.

சீசன் பற்றி ஒரு வார்த்தை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண வேலை படுத்துவிடும். ஆனால் ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் காலண்டர் ஆல்பம், அதாவது மாதிரிப் படங்களின் தொகுப்பு, வந்துவிடும், கடைக்காரர்கள் அடுத்த வருடக் காலண்டர், டைரி பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். அந்த நேரத்தில் போய், ஆல்பத்தில் இருக்கிற அதே முருகரைப் பக்கத்துக் கடையும் அடிக்கப் போகிறது என்று சொல்லி, தனியாக ஒன்று வரைந்து தருகிறேன் என்று கேட்டால் சிலர் ஒத்துக்கொள்வார்கள். எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அதே முருகர்தான் வேண்டும் என்பவர்களும் உண்டு.

இனி சென்னை. நிரந்தரமாகப் போக வேண்டியதில்லை, ஆனால் ஒன்றிரண்டு வருடம் அங்கே ஒரு விளம்பர ஏஜென்சியில் வேலை பார்த்துவிட்டு வருவது நல்லது என்பேன். டிசைன் கற்றுக்கொள்ள அல்ல, அதை இங்கேயே கற்கலாம். கொட்டேஷன் எப்படி எழுதுகிறார்கள், வாடிக்கையாளர் கத்தும்போது என்ன பதில் போடுகிறார்கள், ஃபைல்களை எப்படிப் பெயரிட்டு அடுக்கிவைக்கிறார்கள் என்பதெல்லாம் கூட இருந்து பார்த்தால்தான் வரும். திரும்பி வந்த பிறகும் தொடர்பு அறுந்துபோகாது; காட்பாடியில் ரயில் ஏறினால் சென்னை இரண்டு மணி நேரச் சொச்சம், காலை மீட்டிங்குக்குப் போய்விட்டு ராத்திரி வீட்டில் சாப்பிடலாம். வாடகை வேலூர் வாடகை, வாடிக்கையாளர் சென்னை வாடிக்கையாளர் என்பது கெட்ட ஏற்பாடு இல்லை.

உடனே ஆரம்பிப்பதானால் கடை எடுக்காதீர்கள். அட்வான்ஸில் முடங்கும் பணத்துக்கு நல்ல மானிட்டரும் யு.பி.எஸ்.ஸும் வாங்கிக்கொண்டு வீட்டில் ஒரு அறையில் உட்காருங்கள். வாடிக்கையாளரை அவர் கடையிலேயே போய்ப் பாருங்கள். அவர் கல்லாவுக்குப் பின்னால் பழைய போர்டு, பழைய பாக்கெட், அடித்து வீணான நோட்டீஸ் எல்லாம் கிடக்கும். முதல் கொட்டேஷனை அதைப் பார்த்தே எழுதிவிடலாம்.