உள் தொடை மெஷினில் உட்காரும் முன் லீவரைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 43. இரண்டு மாதமாக ஜிம்முக்குப் போகிறேன். நடக்கும்போது தொடைகள் உரசிப் புண்ணாகிறது. உள் தொடை இளைக்கட்டும் என்று, காலை விரித்து உட்கார்ந்து ஒட்டும் மெஷினில் தினமும் 100 முறை செய்கிறேன். பத்து நாளாக வலது கவட்டையில் சுருக்கென்று இழுக்கிறது. சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை. மெஷினை விட்டுவிடவா, பழகப் பழகச் சரியாகிவிடுமா?

பதில்: பழகினால் சரியாகிற வலி இல்லை இது. இப்போதைக்கு அந்த மெஷினைத் தொடாதீர்கள். அதற்காக ஒரேயடியாக விட்டுவிடவும் வேண்டாம். மெஷின் கெட்டதில்லை, அதில் நீங்கள் உட்கார்ந்த விதத்தில்தான் கோளாறு இருக்கும் என்று நினைக்கிறேன். பிசியோதெரபிக்கு இதே வலியோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எவ்வளவு வெயிட் வைத்தீர்கள் என்பதல்ல. கால்கள் எவ்வளவு விரிந்த நிலையில் தொடங்க வேண்டும் என்று அமைக்கும் லீவரை எவ்வளவு அகலமாக வைத்தீர்கள் என்பதுதான். பலருக்கும் அப்படி ஒரு லீவர் இருப்பதே தெரிந்திருக்காது.

உள் தொடையில் ஐந்து தசைகள் இருக்கின்றன. அடிவயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பில் தொடங்கி, நான்கு தசைகள் தொடை எலும்பில் போய் ஒட்டும். ஒன்று மட்டும் முழங்காலைத் தாண்டி இறங்கும். உட்கார்ந்தபடி காலைக் கொஞ்சம் அகற்றிக் கவட்டை ஓரத்தில் விரல் வைத்தால், கயிறு போல ஒன்று தட்டுப்படும். அது அந்தத் தசைகளில் ஒன்றை எலும்போடு இணைக்கும் நாண். உங்களுக்கு இழுப்பதும் அநேகமாக அந்த இடம்தான். நாண் நன்றாக இழுபட்டு நிற்கிற நிலையில் பாரத்தைத் தாங்கச் சொன்னால் அது புண்படும்.

மெஷினில் நடப்பது அதுதான். உங்களுக்கு முன்னால் உட்கார்ந்தவர் கால்கள் நன்றாக வளைகிறவராக இருந்திருந்தால், லீவரை முழு அகலத்தில் விட்டுவிட்டுப் போயிருப்பார். நீங்கள் அப்படியே உட்கார்ந்து வெயிட்டைப் போட்டால், முதல் அசைவிலேயே அந்தப் பாரம் உங்கள் கால்களை உங்கள் எல்லைக்கு மேல் பிரித்துவிடும். அதைத் தினமும் 100 முறை, ஒரு நாள்கூட ஓய்வில்லாமல் செய்தால் நாண் எப்படி ஆறும்?

இப்போது ஒரு சோதனை. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்குங்கள். இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் உங்கள் கைமுட்டியை வைத்து, ஐந்து வினாடி மெதுவாக அழுத்துங்கள். வலிக்கு 10-க்கு எவ்வளவு மதிப்பெண் போடுவீர்கள்? இரண்டு வரை என்றால் பயப்பட வேண்டாம். மூன்றிலிருந்து ஐந்து என்றால் மெஷின் கூடாது. கைமுட்டிக்குப் பதில் தலையணையை வைத்து, வலி ஏறாத அளவுக்கு இதே அழுத்தத்தையே பயிற்சியாகச் செய்யுங்கள். ஆறும் அதற்கு மேலும் என்றால் பயிற்சியே வேண்டாம், நேரில் காட்டுங்கள்.

வலி இரண்டுக்குள் வந்த பிறகு மெஷினுக்குத் திரும்பலாம். ஐந்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்கிவிட்டு, வெயிட் போடாமல் சீட்டில் உட்காருங்கள். முதுகும் இடுப்பும் சாய்மானத்தில் முழுக்கப் படிய வேண்டும். கால்களைத் தாமாக எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு விரித்துப் பாருங்கள். இழுப்பு தொடங்கும் இடம் தெரியும். அதற்கு ஒரு துளை முன்னதாகவே லீவரை நிறுத்துங்கள். கால்கள் அழுத்தும் மெத்தை (பேட்) முழங்காலுக்குச் சற்று மேலே, தொடையின் சதையில் பட வேண்டும். முழங்காலுக்குக் கீழே பட்டால் சுமை முழுக்க முழங்காலின் உள்பக்கத் தசைநார் மேல் விழும். இதெல்லாம் சரியான பிறகுதான் வெயிட்டைத் தேர்ந்தெடுக்கும் பின்னைச் செருக வேண்டும், அதுவும் முதல் எடைத் தட்டில்.

மூச்சை விட்டுக்கொண்டே ஒட்டுங்கள், ஒரு வினாடி நிறுத்துங்கள், அப்புறம் மூன்று வரை எண்ணிக்கொண்டே விரியுங்கள். மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும். விரியும்போது தட்டுகள் டங்கென்று மோதினால், தசை விட்டுக்கொடுத்துவிட்டது, லீவர்தான் உங்கள் காலை இழுக்கிறது என்று அர்த்தம். அந்தச் சத்தம் வராத அளவுக்குத்தான் வெயிட் வைக்க வேண்டும். 12 முறை, இரண்டு செட், வாரத்துக்கு இரண்டு நாள், நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி. இது போதும். இரண்டு செட்டிலும் 15 முறை சிரமமில்லாமல் வந்தால் ஒரு தட்டு கூட்டலாம். இறங்கும்போது லீவரை உள்ளே கொண்டுவந்துவிட்டு இறங்குங்கள். அடுத்து உட்காருகிறவருக்கும் அது நல்லது.

பாதங்களால் பலகையைத் தள்ளும் லெக் பிரஸ் மெஷினில் பாதங்களைத் தோள் அகலத்தைவிடக் கொஞ்சம் தள்ளி வைத்தாலும் இந்தத் தசைகள் நன்றாக வேலை செய்யும். பிட்டம் சீட்டை விட்டு எழும்பாத ஆழம் வரை மட்டும் இறக்குங்கள்.

இவ்வளவு சொல்லி உங்களைத் திரும்பவும் பயிற்சிக்கு அழைக்கக் காரணம் இருக்கிறது. ஒற்றைக் காலில் நிற்கும்போதும், பஸ் படியில் ஏறும்போதும் இடுப்பை நிலையாகப் பிடிப்பதில் இந்தத் தசைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. நார்வே கால்பந்து வீரர்களிடம் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், உள் தொடைக்கு ஒரே ஒரு பயிற்சியைத் தொடர்ந்து செய்தவர்களுக்குக் கவட்டைப் பிரச்சினை வரும் ஆபத்து 41 சதவீதம் குறைவாக இருந்தது. அதற்கு மெஷின்கூடத் தேவைப்படவில்லை.

ஆனால் சிலர் மருத்துவரைக் கேட்காமல் இந்த மெஷினில் உட்காரவே கூடாது. இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்தவர்கள், கர்ப்பிணிகள், பிரசவத்துக்குப் பின் இடுப்பெலும்பின் முன்பக்கம் வலிக்கிறவர்கள், இருமினால் கவட்டையில் புடைப்பு தெரிகிறவர்கள். உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். கால் நகம் வெட்டக் குனியும்போது கவட்டைக்குள் ஆழமாக வலித்தாலோ, இரவில் வலியால் தூக்கம் கலைந்தாலோ, அது தசையாக இல்லாமல் இடுப்பு மூட்டாகவே இருக்கலாம். எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கடைசியாக, தொடை உரசல். ஓர் இடத்துத் தசைக்கு வேலை கொடுப்பதால் அந்த இடத்துக் கொழுப்பு மட்டும் கரையாது. உடம்பு மொத்தமாக இளைக்கும்போதுதான் தொடையும் இளைக்கும். சிலருக்கு இடுப்பெலும்பின் அமைப்பால், ஒல்லியாக இருந்தாலும் தொடைகள் ஒட்டியே இருக்கும், அது குறையில்லை. புண்ணைத் தடுக்க, புடவைக்கோ சுடிதாருக்கோ உள்ளே முழங்கால் வரை வரும் ஷார்ட்ஸ் போடுங்கள். வெளியே கிளம்பும் முன் கொஞ்சம் வாஸ்லைன் தடவுங்கள். வட்டமாக ஓரம் தடித்து அரித்தால் அது உரசல் இல்லை, அநேகமாகப் படர்தாமரை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த க்ரீம் வாங்கிப் போடாதீர்கள். முதலில் அடங்கியது போலிருந்துவிட்டு இன்னும் பரவும். தோல் மருத்துவரைப் பாருங்கள்.