ராஜா திரும்பி வந்தால் நேபாளம் தேறிவிடுமா?

கேள்வி: எங்கள் ஓட்டலில் வேலை செய்யும் நேபாளத்துத் தம்பி, "ராஜா இருந்த வரைக்கும் ஊர் நல்லா இருந்துச்சு, கட்சிக்காரங்கதான் கெடுத்தாங்க" என்கிறார். ஏழை நாட்டுக்கு மக்களாட்சி சரிப்படாதோ என்று எனக்கும் தோன்றுகிறது. உங்கள் கருத்து?
- ஓட்டல் உரிமையாளர், திருப்பூர்

பதில்: தம்பிக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. நேபாளத்தில் முடியாட்சி 2008 மே 28-இல் ஒழிந்தது. அவர் இருபதுகளில் இருந்தால், ராஜா காலம் என்பது அவருக்குப் பெரியவர்கள் சொல்லிக் கேட்ட கதைதான். ஆனால் அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. குடியரசான பிறகு பத்து தடவைக்கு மேல் ஆட்சி மாறியது. 2015-க்குப் பிறகு கட்சித் தலைவர்கள் தேவுபா, ஒலி, பிரசண்டா மூவரும் பிரதமர் பதவியைத் தங்களுக்குள் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள். 2025 செப்டம்பரில் இளைஞர்கள் தெருவுக்கு வந்து, பலர் சுடப்பட்டு இறந்து, ஒலி ராஜினாமா செய்த கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அந்தக் கலவரத்தில் எரிந்த சிங்க தர்பார் தலைமைச் செயலகத்தை முதலில் கட்டியது அரசாங்கம் அல்ல. சந்திர சம்ஷேர் என்ற ராணா பிரதமர் தான் குடியிருக்கக் கட்டிக்கொண்ட மாளிகை அது. ராணாக்கள் பரம்பரைப் பிரதமர்களாக 1846 முதல் 1951 வரை ஆண்டார்கள். அவர்கள் போனபோது எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் இருந்தாலே அதிகம்.

சரி, அவர்கள் ராஜா இல்லையே என்பீர்கள். 1959-இல் முதல் பொதுத்தேர்தலில் வென்று பி.பி. கொய்ராலா பிரதமரானார். அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே மகேந்திர மன்னர் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார். கட்சிகளுக்கு 1990 வரை தடை. முப்பது வருடம் குறுக்கே பேச ஆளில்லாமல் அரண்மனை ஆண்டது. அப்படியும் 1990-இல் நேபாளம் உலகின் பரம ஏழை நாடுகளில் ஒன்றாகத்தான் இருந்தது.

இன்னொரு தடவையும் சோதித்துப் பார்த்தாயிற்று. மாவோயிஸ்டுகளுடன் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 2005 பிப்ரவரி 1 அன்று ஞானேந்திர மன்னர் அரசைக் கலைத்து, தொலைபேசியைத் துண்டித்து, எல்லாவற்றையும் தானே சரிசெய்வதாகக் கிளம்பினார். 2006 ஏப்ரலில் மக்கள் தெருவில் இறங்கி அவரைப் பணிய வைத்தார்கள். போர் நின்றது அதற்குப் பிறகு, அந்த நவம்பரில், கட்சிகளும் மாவோயிஸ்டுகளும் போட்ட ஒப்பந்தத்தால்.

பூடான் ராஜா நல்லவர் என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன், அவர்களாகவே 2008-இல் தேர்தல் கொண்டுவந்தார்கள். ஆனால் அதே அரசு 1990-களில் நேபாளி பேசும் ஒரு லட்சம் பேரை வெளியே தள்ளியது. கிழக்கு நேபாள முகாம்களில் அவர்கள் இருபது வருடம் கிடந்தார்கள். தேர்ந்தெடுத்த பாராளுமன்றமும் இப்படிச் செய்யும். இலங்கையில் 1948-இல் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது அப்படி ஒன்றுதான். ஆனால் அங்கே மலையகத் தலைவர் தொண்டமானுக்குத் தொழிற்சங்கம் இருந்தது, பேரம் பேச இடம் இருந்தது. பல பத்தாண்டு இழுபறிக்குப் பிறகு குடியுரிமை திரும்பியது. பூடானிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கா மாதிரி தூரதேசங்களில் குடியேறினார்கள்.

அதனால் நான் மக்களாட்சிப் பக்கம்தான். அது நல்லவர்களைக் கொண்டுவரும் என்று நம்பி அல்ல. மோசமானவரை அனுப்ப ஒரு தேதி குறித்திருக்கிறதே, அதற்காக. நேபாளத்தின் சிக்கல், அந்தத் தேதியில் தம்பி மாதிரி ஆட்கள் ஊரில் இருப்பதில்லை. நாட்டு வருமானத்தில் ஏறக்குறைய கால் பங்கு அவர்கள் அனுப்பும் பணம். வெளிநாட்டில் இருப்பவர்களும் ஓட்டுப்போட வழி செய்யச் சொல்லி அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 2018-லேயே உத்தரவிட்டது. கட்சிகள்தான் இழுத்தடித்தன. அவர் திட்ட வேண்டியது இதற்காக.

உங்களால் ஆவது ஒன்று உண்டு. அடுத்த தேர்தலுக்குத் தம்பிக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு லீவு கொடுங்கள். கோரக்பூர் வரை ரயில், அங்கிருந்து சுனௌலி எல்லைக்கு பஸ். டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே போட்டுவிடச் சொல்லுங்கள், கடைசி நேரத்தில் கிடைக்காது.